வயல்நீர்ச் சண்டை மீன்: பினாங்கு வீடுகளில் இம்பெல்லிஸ் இனப்பெருக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வடபகுதியில், பெனாகாவையும் கெப்பாளா பத்தாஸையும் சுற்றியுள்ள நெல்வயல்களின் வாய்க்கால் ஓரங்களில், ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் மட்டுமே வளரும் ஒரு காட்டு மீன் வாழ்கிறது. கருமை படர்ந்த உடலில் நீலப்பச்சைச் செதில்கள் மின்ன, வால் துடுப்பின் விளிம்பில் பிறைபோன்ற சிவப்புக் கோடு ஓட, செவுள் மூடியில் இரண்டு நீலப்பச்சைப் பட்டைகள் நிற்கும் அந்த மீனை அறிவியலார் பெட்டா இம்பெல்லிஸ் என்று அழைக்கின்றனர். மலாய்க்காரர்கள் இக்கான் லாகா என்பதும், நம் பிள்ளைகள் சண்டை மீன் என்பதும் இதையும் சேர்த்துத்தான். இதை வீட்டில் வளர்ப்பது எளிது. குஞ்சு பொரிக்கச் செய்வது சற்றுக் கடினம். பொரித்த குஞ்சுகளை வளர்த்து ஆளாக்குவதில்தான் பெரும்பாலோர் தோற்கின்றனர். ஆண் மீனும் பெண் மீனும் கிடைத்துவிட்டால் போதும் என்று தொடங்குவதே இத்தோல்விக்கு முதற்காரணம். வயல்நீரில் என்னென்ன இருக்கின்றனவோ அவற்றை முதலில் தொட்டிக்குள் கொண்டுவந்துவிட்டால் இணைசேர்க்கை ஏறக்குறைய தானாகவே நடந்துவிடும் என்பதால், இந்த வழிகாட்டி மீனுக்கு முன்பாக வாழிடத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

எந்த மீன் என்று உறுதி செய்தல்

சண்டை மீன் என்ற ஒரே பெயருக்குள் பினாங்கில் குறைந்தது மூன்று வகை மீன்கள் கலந்து கிடக்கின்றன. மீன் கடைகளில் சிறு புட்டிகளில் விற்கப்படும் நீண்ட துடுப்பு மீன்கள், சயாமில் பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் இனத்தின் வழி வந்தவை. வயலிலும் சதுப்பிலும் வாழ்வது 1975இல் அறிவியல் பெயர் பெற்ற இம்பெல்லிஸ். மூன்றாவது, மலை ஓடைகளில் வாழும் பெட்டா பக்னாக்ஸ். இது உருவில் பெரியது, நீர்ப்பரப்பில் குமிழிகளால் ஆன நுரைக்கூடு கட்டாது, ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும்.

மூன்றாவது மீனுக்கும் பினாங்குக்கும் பழைய உறவு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பணியாற்றிய தியோடோர் கேன்டர், 1849இல் வெளியிட்ட மலாய் நாட்டு மீன்களின் பட்டியலில், பினாங்கிலிருந்து கிடைத்த மீனுக்குப் பக்னாக்ஸ் என்ற பெயரைச் சூட்டினார். சயாமின் போட்டி மீன்களும் அதே இனத்தைச் சேர்ந்தவை என்று அவர் கருதியிருந்தார். ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின்னர் பிரிட்டிஷ் மீனியல் அறிஞர் ரீகன் அவற்றைத் தனி இனமெனப் பிரித்து ஸ்ப்ளெண்டென்ஸ் என்று பெயரிட்டார். ஆக, உலகெங்கும் கண்ணாடிப் புட்டிகளில் விற்கப்படும் மீனோடு ஒரு காலத்தில் குழப்பிக்கொள்ளப்பட்ட நம் ஊர் மீன் இன்னமும் மலை ஓடையிலேயே ஒதுங்கி வாழ்கிறது.

இந்த வேறுபாட்டை அறியாமல் தொடங்கினால் எல்லாமே தவறிப்போகும். நுரைக்கூடு கட்டும் மீனுக்குத் தேங்கிய நீரும், வாயில் அடைகாக்கும் மீனுக்குத் தெளிந்து ஓடும் குளிர்ந்த நீரும் வேண்டும். இனி வருவனவெல்லாம் இம்பெல்லிஸைப் பற்றியவை. பக்னாக்ஸுக்குத் தேவையான மாற்றங்கள் பின்னால் தனியே சொல்லப்படும்.

வயல் இந்த மீனுக்கு என்ன தருகிறது

செபராங் பிறை வயல்களில் ஆண்டுக்கு இரு போகம் நெல் விளைகிறது. நாற்று நடும் பருவத்தில் கணுக்கால் அளவு நீர் நிற்கும். அறுவடைக்கு முன்பு வடிக்கப்படும். வடித்த பிறகு மீன்கள் வாய்க்கால்களிலும், வரப்போரப் பள்ளங்களிலும், கோரை அடர்ந்த குட்டைகளிலும் ஒடுங்கியிருந்து, வயலில் மறுபடி நீர் பாயும்போது பரவுகின்றன. புதிதாக நீர் ஏறிய வயலில் மக்கும் தாளும் வேரும் நுண்ணுயிர்களைப் பெருக்குகின்றன; நுண்ணுயிர்களைத் தின்னும் நீர்த்தெள்ளுகள் பெருகுகின்றன; இரை நிறைந்த அந்த வேளையில்தான் சண்டை மீன் கூடு கட்டுகிறது. ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான, ஓட்டமில்லாத, தழை மண்டிய நீர், கூடவே கண்ணுக்குத் தெரியாத இரை ஆகியவையே இதன் இனப்பெருக்க வாழிடம்.

இத்தகைய நீரில் உயிர்வளி குறைவு. அதனால் இந்த மீன் செவுளோடு, தலைக்குள் அமைந்த லாபிரிந்த் என்னும் மடிப்புறுப்பின் வழியாகவும் காற்றைச் சுவாசிக்கிறது. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய்க் காற்றை எடுத்துச் செல்வதைக் காணலாம். குஞ்சுகளுக்கு இந்த உறுப்பு பிறப்பிலேயே முழுமையாக இருப்பதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் பல ஏற்பாடுகள் இதை ஒட்டியே அமைகின்றன.

நீரைத் தயார் செய்தல்

குழாய் நீரில் கிருமி கொல்லும் குளோரின் இருப்பதால், அதை நேராகத் தொட்டியில் ஊற்றக்கூடாது. அகன்ற வாளியில் திறந்து வைத்து, காற்றுக் குமிழிக் கருவியை ஓடவிட்டு ஓரிரு நாட்கள் விடலாம். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் ஆண்டி குளோரின் துளிகளைச் சேர்க்கலாம். குழாய் நீரில் குளோரமின் இருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால் திறந்து வைப்பது போதாது, துளிகளே வேண்டும். மழைநீரைச் சேர்ப்போரும் உண்டு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்தோ துருப்பிடித்த தகரத்திலிருந்தோ வடியும் நீரும், வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையின் நீரும் ஏற்றவையல்ல.

அடுத்தது கெத்தாப்பாங் இலை. தமிழகத்தில் நாட்டு வாதுமை எனப்படும் இம்மரம் பினாங்கின் கடற்கரைகளிலும் பூங்காக்களிலும் ஏராளமாக நிற்கிறது. தானே சிவந்து உதிர்ந்து, நன்கு காய்ந்து பழுப்பேறிய இலையை மட்டுமே எடுக்க வேண்டும். பச்சை இலை நீரைக் கெடுத்துவிடும். வாகனப் புகை படியும் சாலையோரத்து மரங்களையும், டெங்கிக் கொசுவுக்குப் புகையடித்த இடத்து மரங்களையும் தவிர்க்க வேண்டும். கழுவிய ஓர் இலை 15 லிட்டர் நீருக்குப் போதுமானது. இரண்டு மூன்று நாட்களில் நீர் இளம் தேநீர் நிறமாகும். இலையிலிருந்து கசியும் டானினும் மக்குப் பொருளின் அமிலங்களும் நீரை மெல்லப் புளிப்பாக்குகின்றன. முட்டைகளில் பூஞ்சை பிடிப்பதும் குறைகிறது. இதைவிட முக்கியமான இன்னொரு பயனைப் பலரும் கவனிப்பதில்லை. இலை மக்கும்போது அதன் மேல் படரும் மென்படலத்தில் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. குஞ்சுகள் தங்கள் முதல் இரையில் ஒரு பகுதியை அங்கிருந்தே பொறுக்கித் தின்கின்றன.

இம்பெல்லிஸ், நீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவில் பிடிவாதம் காட்டாத மீன். 6க்கும் 7க்கும் இடைப்பட்ட அளவு நன்று. சற்று மேலே போனாலும் குடி மூழ்கிவிடாது. அளவு சரியாக இருப்பதைவிட, நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் இருப்பதே முக்கியம். பி.எச். குறைக்கும் மருந்துகளை ஊற்றி ஒரே நாளில் நீரை மாற்றுவோரைக் கண்டால் எனக்கு மீனின் மேல்தான் இரக்கம் வருகிறது.

வெப்பநிலையைப் பொறுத்தவரை நாம் கொடுத்து வைத்தவர்கள். 26 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரே இதற்கு ஏற்றது. பினாங்கில் வீட்டு நிழலில் வைத்த நீர் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே நிற்கும். நீர்ச் சூடேற்றி தேவைப்படாது. மாறாக, மேற்குப் பார்த்த அடுக்குமாடி மாடத்தில் மாலை வெயில் நேராக விழுந்தால் ஆழம் குறைந்த தொட்டி விரைவில் சூடேறிவிடும். குளிரூட்டி ஓடும் அறையிலோ நீர்ப்பரப்பின் மேல் நிற்கும் காற்று இரவில் குளிர்ந்துவிடும். இரண்டும் கூடாது.

தொட்டி அமைத்தல்

கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்பதில்லை. காலைச் சந்தையில் மீன்காரர்கள் வீசும் வெள்ளைப் பாலிஸ்டைரின் பெட்டி, நன்கு கழுவிக் காயவைத்தால், இதற்கு மிகவும் ஏற்றது. வெப்பம் விரைவில் ஏறி இறங்காது. பக்கவாட்டில் வெளிச்சம் புகாததால் மீன் மிரளாது. உள்ளே நடப்பதை மேலிருந்துதான் காண முடியும் என்பது ஒன்றே குறை. 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் இருந்தால் ஓர் இணைக்குப் போதுமானது.

நீரின் உயரம் 10 முதல் 12 சென்டிமீட்டர் இருக்கட்டும். கூட்டிலிருந்து நழுவும் முட்டைகளை ஆண் மீன் ஓயாமல் கீழே போய்ப் பொறுக்கி மேலே கொண்டுவர வேண்டியிருப்பதாலும், பொரித்த குஞ்சுகள் வலுவற்று விழும்போது அவற்றையும் தூக்க வேண்டியிருப்பதாலும், ஆழம் கூடக்கூட அதன் உழைப்பும் இழப்பும் கூடுகின்றன. அடியில் மணலோ கூழாங்கல்லோ போடாமல் விடுவது நல்லது. வெள்ளை முட்டைகள் கல்லிடுக்கில் மறைந்துவிடும்.

தழை தாராளமாக வேண்டும். ஒரு பக்கம் ஜாவா பாசியையோ வேலம்பாசியையோ அடர்த்தியாகப் போட்டால் பெண் மீன் ஒளிய இடம் கிடைக்கும். மேற்பரப்பில் கியாம்பாங் போன்ற மிதவைச் செடிகள் மூன்றில் ஒரு பங்கு பரவியிருக்கட்டும். அவற்றின் வேர்களைப் பற்றிக்கொண்டு நுரை நிற்கும். முழுப் பரப்பையும் மூடவிட்டால் மீன் காற்று வாங்க முடியாமலும் கூட்டுக்கு இடமில்லாமலும் போய்விடும். கெத்தாப்பாங் இலை ஒன்றை மிதக்கவிட்டால் பல ஆண் மீன்கள் அதன் அடியிலேயே கூடு கட்டுகின்றன.

வயலிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ எடுத்த செடிகளை அப்படியே போடுவது ஆபத்தானது. தட்டானின் இளம்புழு ஒன்று தொட்டிக்குள் புகுந்தாலும் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுவிடும். செடிகளைத் தனி வாளியில் சில நாட்கள் வைத்து, தினமும் அலசி, ஊர்வன ஏதும் இல்லையென்று உறுதி செய்த பிறகே சேர்க்க வேண்டும்.

வடிகட்டியை இந்த நிலையில் ஓட்ட வேண்டாம். ஓட்டம் நுரையைக் கலைத்துவிடும். மூடி மட்டும் கட்டாயம் வேண்டும். இந்த மீன் விரலளவு இடைவெளி கிடைத்தாலும் துள்ளிக் குதித்துவிடும். அத்துடன், மூடியின் கீழ் நிற்கும் ஈரமான, வெதுவெதுப்பான காற்று நுரையைக் காய விடாமல் காத்து, குஞ்சுகளின் முதல் மூச்சுக்கும் துணை செய்கிறது. காற்று மெல்ல மாறுவதற்கு ஒரு சிறு கீறல் இடைவெளி போதும்.

இவ்வளவும் அமைத்த பிறகு, மீனை விடாமல் இரண்டு வாரமாவது தொட்டியை அப்படியே விட்டுவைக்க வேண்டும். செடி வேர்பிடித்து, நுண்ணுயிர் பெருகி, சிறு நத்தைகள் இரண்டொன்று ஊர்ந்து, நீர் முதிர்வதற்கு இந்தக் காலம் தேவை. பளிச்சென்ற புது நீரில் முட்டை பொரிக்கும், குஞ்சு நிற்காது.

இரையை முன்கூட்டியே வளர்த்தல்

முட்டை பொரித்த பிறகு இரை தேடுவோருக்குக் காலம் போதாது. முட்டையிட்டதிலிருந்து குஞ்சு வாய் திறந்து இரை தேடுவது வரை ஏறத்தாழ நான்கைந்து நாட்களே உள்ளன. ஆனால் நுண்ணுயிர்ப் பெருக்கத்துக்கே அவ்வளவு நாட்கள் ஆகும். ஆகவே இணையைச் சேர்க்கும் முன்பே மூன்று வகை இரை வீட்டில் தயாராக இருக்க வேண்டும்.

முதலாவது நுண்ணுயிர் நீர். ஒரு கண்ணாடிக் குடுவையில் முதிர்ந்த தொட்டியின் நீரை நிரப்பி, பூச்சிமருந்து படாத சிறிது வைக்கோலையோ, காய்ந்த கீரைத் தண்டையோ போட்டு நிழலில் வைத்தால், ஓரிரு நாட்களில் நீர் கலங்கி நாறும். அது பாக்டீரியா பெருகும் கட்டம். அந்த நீரை ஊற்றக்கூடாது. மேலும் இரண்டு மூன்று நாட்களில் நீர் தெளியத் தொடங்கி, வெளிச்சத்தில் பார்த்தால் தூசுபோன்ற புள்ளிகள் நகர்வது தெரியும். அப்பொழுதுதான் அது இரை. இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று குடுவைகளைத் தொடங்கினால், ஒன்று ஓய்ந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

இரண்டாவது மைக்ரோ புழு என்னும் மிகச் சிறிய புழு. மீன் வளர்ப்போரிடம் ஒரு கரண்டி மூலப்புழு கேட்டால் யாரும் மறுப்பதில்லை. ஓட்ஸ் கூழை ஆறவைத்து, மேலே சிறிது ரொட்டி ஈஸ்ட்டைத் தூவி, மூலப்புழுவைத் தடவி, மூடியில் ஊசித்துளைகள் இட்டு வைத்தால், சில நாட்களில் புழுக்கள் டப்பாவின் சுவரில் ஏறும். விரலால் வழித்துக் கொடுக்கலாம். நம் வெப்பத்தில் கூழ் விரைவில் புளித்துவிடும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது டப்பாவுக்கு மாற்ற வேண்டும்.

மூன்றாவதும் தலையாயதும் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் குஞ்சுகள். லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 25 கிராம் உப்பு கரைத்து, கடையில் கிடைக்கும் அதன் முட்டைத்தூளைப் போட்டு, வலுவாகக் காற்றடித்து, விளக்கு வெளிச்சத்தில் வைத்தால், 28 டிகிரியில் 24 மணி நேரத்தை ஒட்டிப் பொரித்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும். செம்மஞ்சள் குஞ்சுகள் கீழே திரளும். அவற்றை மெல்லிய துணியில் வடித்து நன்னீரில் அலசிய பிறகே கொடுக்க வேண்டும்; உப்பு நீரும் ஓடும் தொட்டிக்குள் போகக்கூடாது. பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அவற்றின் கருவுணவுச் சத்து குஞ்சுக்குச் சேரும்.

பெரிய மீன்களுக்கு நீர்த்தெள்ளு நல்லது. கொசுப்புழு அதைவிட நல்லது என்பது உண்மைதான். சண்டை மீன் அதற்கென்றே பிறந்தது. ஆயினும் மலேசியாவில் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டு வளாகத்தில் இடம் கொடுப்பது, 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அண்டை வீட்டுப் பிள்ளைக்கு டெங்கி வரக் காரணமாகிவிட்டு மீன் வளர்ப்பதில் பொருளில்லை. செடி வைத்த வாளி, மழைநீர்த் தொட்டி, மீனில்லாமல் முதிரும் பெட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் கொசுவலை மூடி போட வேண்டும். கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் குருணையைப் போட்டால் போயிற்று என்று நினைத்தால் நீர்த்தெள்ளுகளும் சேர்ந்து மாண்டுவிடும்.

இணையைத் தேர்ந்து தயார் செய்தல்

வளர்ப்போரிடமிருந்து, பிடித்த இடம் தெரிந்த வம்சத்தின் குட்டிகளைப் பெறுவதே சிறந்த வழி என்பது என் கருத்து. வயலில் பிடிப்பதாயின் வயற்காரரிடம் சொல்லிவிட்டு, மருந்தடித்து நாளாகாத வயலைத் தவிர்த்து, தேவையான இரண்டொரு இணைகளை மட்டும் எடுத்து, இடத்தின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைச் சண்டை மீன்களை வாய்க்காலில் விட்டுவிடும் பழக்கத்தால் சில இடங்களில் கலப்பினங்கள் உருவாகியிருக்கக்கூடும். உடலெங்கும் சிவப்பு பரவியோ துடுப்புகள் அளவுக்கு மீறி நீண்டோ இருக்கும் மீனை இனப்பெருக்கத்துக்கு எடுக்கக்கூடாது. வெளியிலிருந்து வரும் எந்த மீனையும் இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்து, உடலில் பொன்தூசு படிந்தாற்போன்ற வெல்வெட் நோயோ வெண்புள்ளியோ இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும்.

பெண் மீன் சற்றுச் சிறியது, நிறம் மங்கியது, துடுப்பு குட்டையானது. வயிற்றுத் துடுப்புகளுக்குப் பின்னே முட்டை வெளிவரும் இடத்தில் சிறு வெண்புள்ளி தெரியும். நான்கைந்து மாதம் நிறைந்த மீன்களே இணைக்கு ஏற்றவை. ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வைத்து, இரண்டு வாரம் உயிரிரையும் உறைந்த இரத்தப்புழுவும் மாற்றி மாற்றிச் சிறு அளவில் கொடுத்தால் பெண்ணின் வயிறு திரளும். உப்பிய வயிறு எல்லாம் முட்டையல்ல, மலச்சிக்கலாலும் உப்பும். ஒரு நாள் இரை நிறுத்தியும் குறையாவிட்டால் அது பெரும்பாலும் முட்டை.

கூடு, முட்டை, காவல்

ஆண் மீனை முதலில் தொட்டியில் விட்டு, இரண்டு நாள் அது இடத்தைத் தனதாக்கிக்கொண்ட பிறகு, பெண்ணை ஒரு தெளிந்த கண்ணாடிக் குடுவையில் இட்டு அதே தொட்டிக்குள் நிறுத்த வேண்டும். ஆண் துடுப்பை விரித்து ஆடும். இடையிடையே மேலே போய்க் காற்றை விழுங்கி, எச்சிலோடு குமிழியாக உமிழ்ந்து, ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கும். பெண்ணின் உடலில் குறுக்குப் பட்டைகள் தோன்றி, அது தலையைத் தாழ்த்தி ஆணை நோக்கி நின்றால் இசைவு கூடிவிட்டது. நீளவாட்டுக் கோடுகள் தெரிந்தால் அது அச்சம், காத்திருக்க வேண்டும். புது நீர் சிறிது சேர்த்து மட்டத்தை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்துவது, வயலில் நீர் பாயும் வேளையை நினைவூட்டுவதாலோ என்னவோ, பல முறை தயக்கத்தைப் போக்கிவிடுகிறது.

விடுவித்த பிறகு துரத்தலும் ஓரிரு கடியும் இயல்பு. இம்பெல்லிஸ் கடைச் சண்டை மீனைப்போல் வெறிகொள்வதில்லை. ஆனாலும் பெண்ணின் துடுப்பு கிழிந்து, அது மூலையில் ஒடுங்கிவிட்டால் உடனே பிரித்துவிட்டு மறுவாரம் முயல வேண்டும். இசைந்த இணை கூட்டின் கீழ் சேர்ந்து நிற்கும். ஆண் தன் உடலை வளைத்துப் பெண்ணைச் சுற்றிக்கொள்ள, இரண்டும் சில விநாடி அசைவற்று நிற்க, வெண்முட்டைகள் சில உதிர்ந்து கீழே இறங்கும். ஆண் அவற்றை வாயால் பொறுக்கி நுரைக்குள் பொதிக்கும். சில பெண்களும் இதற்குத் துணை நிற்கும். முதல் சில தழுவல்களில் முட்டை வராமற்போவதும் உண்டு. இவ்வாறு பல மணி நேரம் நடக்கும். அருகில் ஆள் நடமாட்டமும் விளக்கை அணைத்து ஏற்றுவதும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிந்ததும் ஆண் பெண்ணை விரட்டத் தொடங்கும். அப்போது பெண்ணை மெல்ல எடுத்துவிட வேண்டும். செடி அடர்ந்த பெரிய தொட்டியானால் விட்டுவைத்தாலும் கேடில்லை. ஆண் முட்டையைத் தின்கிறதே என்று பலர் பதறி அதையும் எடுத்துவிடுகின்றனர். கருவுறாத, பூஞ்சை பிடித்த முட்டைகளை அது அகற்றுகிறது. நல்ல முட்டைகளை வாயில் இட்டுத் தூய்மை செய்து திரும்ப வைக்கிறது. முதல் முறை தந்தையாகும் மீன் எல்லாவற்றையும் தின்றுவிடக்கூடும் என்பதும் உண்மை. அடுத்த முறை பெரும்பாலும் கற்றுக்கொள்ளும்.

27, 28 டிகிரியில் ஒன்று முதல் இரண்டு நாட்களுக்குள் முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகள் வால் கீழாகக் கூட்டில் தொங்கும். விழுபவற்றை ஆண் திரும்பத் திரும்ப ஏற்றிவிடும். இந்த நாட்களில் கருவுணவுப்பையே அவற்றுக்கு ஆகாரம்; இரை போட்டால் நீர்தான் கெடும். மேலும் இரண்டு மூன்று நாட்களில் அவை கிடைமட்டமாக நீந்தி நாலாபுறமும் சிதறும். ஆண் மீனின் பணி அத்துடன் முடிகிறது. அதை எடுத்து, நல்ல இரை கொடுத்து ஓய்வளிக்க வேண்டும்.

முதல் மாதம்

நீந்தத் தொடங்கிய நாளிலிருந்து நுண்ணுயிர் நீரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். மூன்று நான்கு நாட்கள் கழித்து மைக்ரோ புழுவையும், குஞ்சின் வாய்க்கு அடங்கத் தொடங்கியதும் ஆர்ட்டீமியாவையும் சேர்க்கலாம். ஆர்ட்டீமியா தின்ற குஞ்சின் வயிறு செம்மஞ்சளாகத் தெரியும் என்பதால், யார் தின்றார், யார் தின்னவில்லை என்பதைக் கண்ணாலேயே அறியலாம். முட்டை மஞ்சட்கருவைக் கரைத்து ஊற்றும் பழைய முறையை நான் யாருக்கும் சொல்வதில்லை. மிஞ்சிய துளி ஒரே இரவில் தொட்டியைக் கெடுத்துவிடும்.

நீர் மாற்றுவதில் பொறுமை தேவை. முதல் வாரம் தொடாமல் விட்டு, பின்னர் இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரைக் காற்றுக் குழாயின் வழியே, முனையில் மெல்லிய துணி கட்டி உறிஞ்சி எடுத்து, அதே வெப்பமுள்ள முதிர்ந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இந்நாட்களில் ஸ்பாஞ்ச் வடிகட்டியை மிக மெல்லிய குமிழியோடு ஓடவிடலாம்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில் லாபிரிந்த் உறுப்பு உருவாகிக் குஞ்சுகள் மேலே வந்து காற்றை விழுங்கத் தொடங்கும். இக்கட்டத்தில் மூடியை அகற்றி வைப்பதும், மின்விசிறிக் காற்று நேராகப் படுவதும் பெரும் இழப்பை உண்டாக்கும். அதுவரை நன்றாக இருந்த கூட்டம் ஓரிரு நாட்களில் சரிந்தால், நீரைவிட மூடியைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.

வெளியிலிருந்து வரும் இன்னொரு ஆபத்து கொசுப் புகையடிப்பு. அதில் கலக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. நீர்த்தெள்ளுக்கு அதைவிடக் கொடியவை. அறிவிப்பு ஒட்டப்பட்டவுடன் காற்றுக் கருவியை நிறுத்தி, தொட்டிகளை ஈரத்துணியாலும் நெகிழித் தாளாலும் மூடி, சன்னலைச் சாத்தி, புகை முழுதும் கலைந்த பிறகே திறக்க வேண்டும். காற்றுக் கருவி அறைக் காற்றை இழுத்து நீருக்குள் செலுத்துவதால், அதை ஓடவிட்டுத் தொட்டியை மட்டும் மூடுவதில் பயனில்லை.

இரண்டாம் மாதத்தில் குஞ்சுகளை அளவுபடிப் பிரித்து, இடவசதி உள்ள தொட்டிக்கு மாற்ற வேண்டும். பெரியவை சிறியவற்றின் இரையை மட்டுமின்றிச் சிறியவற்றையே தின்னக்கூடும். மூன்றாம் மாதத்தை ஒட்டி ஆண்களின் நிறம் ஏறும், உரசல் தொடங்கும். செடி அடர்ந்த தொட்டியில் உடன்பிறந்த ஆண்கள் ஓரளவு கூடி வாழும்; தனியே எடுத்து வளர்த்த ஆணைத் திரும்பக் கூட்டத்தில் விட்டால் மட்டும் சண்டை வலுக்கும்.

மலை ஓடை மீனுக்கு வேண்டிய மாற்றங்கள்

பக்னாக்ஸ் வாழும் பினாங்கு மலையின் காடுகள் 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதியில் அடங்குகின்றன. வனக் காப்பிலும் தேசியப் பூங்காவிலும் அனுமதியின்றி மீன் பிடிக்கலாகாது. வளர்ப்போரிடம் கிடைத்தால், 90 சென்டிமீட்டர் நீளத் தொட்டி, மிதமான ஓட்டம், நல்ல வடிகட்டல், பாறையும் வேரும் உதிரிலையும் நிறைந்த அடித்தளம், 25 டிகிரியை ஒட்டிய நீர் ஆகியவை வேண்டும். தழுவலுக்குப் பின் பெண் முட்டைகளைப் பொறுக்கி ஆணின் முன் உமிழ, ஆண் அவற்றை வாயில் வாங்கிக்கொள்ளும். ஏறத்தாழ இரண்டு வாரம் அது பட்டினி கிடந்து காக்கும். அந்த வேளையில் வலைபோட்டு இடம் மாற்றினால் அனைத்தையும் விழுங்கிவிடும் அல்லது துப்பிவிடும் என்பதால், மற்ற மீன்களை வேண்டுமானால் அகற்றிவிட்டு ஆணை இருந்த இடத்திலேயே விட வேண்டும். குஞ்சுகள் பெரிதாகவே வெளிவருவதால் முதல் நாளிலிருந்தே ஆர்ட்டீமியா தின்னும்.

வம்சத்தைக் காத்தல்

ஒரே இணையின் பிள்ளைகளையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் சில தலைமுறைகளில் முட்டை குறையும், வளைந்த முதுகு தோன்றும். ஒரே இடத்தில் பிடித்த வம்சத்தை வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் தமக்குள் ஆண்டுக்கொரு முறை மீன்களை மாற்றிக்கொள்வது இதற்கு எளிய மருந்து. பெனாகா வம்சத்தையும் பாலிக் புலாவ் வம்சத்தையும் அழகுக்காகக் கலப்பது தேவையற்றது. ஸ்ப்ளெண்டென்ஸோடு கலப்பது கூடவே கூடாது. இவ்விரு இனங்களும் கலந்தால் பிறக்கும் பிள்ளைகளும் இனம் பெருக்கும் என்பதால், அத்தகைய ஒரு மீன் வாய்க்காலில் விழுந்தாலும் அதன் தடம் காட்டு மீன்களில் தங்கிவிடும். வீட்டில் வளர்ந்தது தூய இம்பெல்லிஸாகவே இருந்தாலும், நோய் பரவும் என்பதால் வயலில் விடலாகாது. மிகுந்தவற்றை வளர்ப்போருக்குக் கொடுக்கலாம். அல்லது முட்டையிடும் இணைகளின் எண்ணிக்கையையே குறைத்துக்கொள்ளலாம்.

கொடுக்கும்போது ஒரு பையில் ஒரு மீன் என்ற கணக்கில், மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய இடத்தில் சாதாரணக் காற்றுமாகக் கட்டி, முந்தைய நாள் இரை நிறுத்தி, சிறு துண்டு கெத்தாப்பாங் இலையை உள்ளே இட வேண்டும். பையின் மேல் இனத்தின் பெயர், பிடித்த இடம், எத்தனையாவது தலைமுறை, பொரித்த மாதம் ஆகிய நான்கையும் நீரில் அழியாத மையால் எழுதி ஒட்ட வேண்டும். வாங்குபவர் அதே சீட்டைத் தன் தொட்டியின் மேல் ஒட்டி வைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.